ஏவலும் ஊடலும்: குரலுக்கும் உடலசைவுக்கும் இயங்கும் கணினிக் கலை குறித்த ஓர் அறவியல் நோக்கு

மும்பையின் கிழக்குப் புறநகராகிய விக்ரோலியில், கோத்ரெஜ் ஆலையில், 1951ஆம் ஆண்டு 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குப்பெட்டிகள் செய்யப்பெற்றன. விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் பொதுத் தேர்தலுக்கு உரியவை அவை. அத்தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டது. வாக்காளர் சீட்டில் எக்குறியும் இடவில்லை. தாம் விரும்பியவரின் பெட்டிக்குள் அதனை இட்டு வந்தனர். எழுத்தறியாத கோடிக்கணக்கானோர்க்குக் கை நீண்ட திசையே சொல்லாயிற்று. 'வாக்கு' என்னும் சொல் வாய்மொழியையும் தேர்தலில் அளிக்கும் உரிமையையும் தமிழில் ஒருசேரக் குறிப்பது இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கத்தக்கது. அதே நிறுவனம் 1955இல் தட்டச்சுப்பொறியைச் செய்து வெளியிட்டது. 2009இல் அவ்வுற்பத்தி நின்றது. விரல் அழுத்த எழுத்து விழும் அப்பொறியின் காலம் முடிந்த அவ்வாண்டிலேயே, விக்ரோலியை அடுத்துள்ள பவாயில் பயின்ற ஒருவர், எதையும் அழுத்த வேண்டாத கணினி ஒன்றை உலகுக்குக் காட்டினார்.

அவர் பிரணவ் மிஸ்திரி. குஜராத்தின் பாலன்பூரைச் சேர்ந்தவர், மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தில் முதுநிலைப் பட்டம் பெற்று, எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்துக்குச் சென்றவர். கழுத்தில் பதக்கம்போல் தொங்கும் சிறு கேமரா, ஒரு படவீழ்த்தி, விரல்நுனிகளில் வண்ணத் தொப்பிகள் என்பனவே அவர்தம் கருவி. நான்கு விரல்களைச் சட்டம்போல் கூட்டினால் ஒளிப்படம் எடுக்கப்படும். மணிக்கட்டில் விரலால் வட்டம் வரைந்தால் அங்குக் கடிகாரம் தோன்றும். சுவரும் தாளும் உள்ளங்கையும் திரையாயின. 2009 நவம்பரில் மைசூரில் நடந்த டெட் மாநாட்டில் அதனை அவர் இயக்கிக் காட்டியபோது அரங்கம் வியந்தது. கருவியின் பெயர் 'சிக்ஸ்த் சென்ஸ்', அதாவது ஆறாம் புலன்.

தமிழ் இலக்கண மரபில் பயின்றோரை இப்பெயர் சற்றே நிறுத்தும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வரிசைப்படுத்துகிறது. உற்றறிதல், அதாவது தொடுவுணர்வு, ஓரறிவு. அது புல்லுக்கும் மரத்துக்கும் உரியது. அதன்மேல் நாவும் மூக்கும் கண்ணும் செவியும் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. ஆறாவது மனம். தொடுதலே அனைத்துக்கும் அடித்தளம் என்பது இவ்வைப்புமுறையால் விளங்கும். கணினியின் வளர்ச்சியோ இவ்வரிசைக்கு உடன்பட்டு நிகழவில்லை. கேமரா என்னும் கண்ணும் ஒலிவாங்கி என்னும் செவியும் அதற்கு வாய்த்தன; உற்றறிதல் வாய்க்கவில்லை. தொடப்படாமலும் தொடாமலும் அது மனிதனைக் காண்கிறது, கேட்கிறது, அவன் சொன்னதைச் செய்கிறது. தொடாமல் ஏவுதல் என்னும் இச்செயலின் அறவியல் யாது என்பதே இங்கு எழுப்பப்பெறும் வினா. அவ்வினாவைக் கருவி செய்தோரைவிடக் கலைஞர்கள் கூர்மையாகக் கேட்டுள்ளனர்.

ஏவலின் இலக்கணம்

குரலையும் கையசைவையும் ஒருங்கே ஏற்ற தொடக்கக்காலக் கணினி ஏற்பாடுகளுள் புகழ்பெற்றது ரிச்சர்ட் போல்ட் என்பார் எம்.ஐ.டி.யில் உருவாக்கி 1980இல் வெளியிட்டதாகும். அதன் பெயரே ஒரு கட்டளை: 'அதை அங்கே வை'. சாய்வு நாற்காலியில் ஒருவர் அமர்வார். எதிரே சுவரளவு திரை. மணிக்கட்டில் கட்டிய உணரி, அவர் விரல் சுட்டும் திசையைக் கணினிக்கு அறிவிக்கும். 'அதை' என்று ஒரு வடிவத்தையும் 'அங்கே' என்று ஓரிடத்தையும் சுட்டினால் வடிவம் நகரும். தமிழ் இலக்கண நோக்கில் இத்தொடர் இரண்டு சுட்டும் ஓர் ஏவலும் கொண்டது. சுட்டுச்சொல்லுக்குப் பொருள் தருவது நீளும் விரல். விரலுக்குப் பயன் தருவது ஏவல் வினை. நாற்காலியை விட்டு எழாமல் இவ்வாறு பேசுவோர் யார், யாரிடம் பேசுவர் என்று கேட்டால், கணினிக்கு முந்திய ஒரு காட்சி கண்முன் வரும்.

தமிழில் அக்காட்சிக்கு உரிய சொல் உண்டு. ஏவலாள் என்பது அது. ஏவப்படுதலையே தன் பெயராகக் கொண்ட மனிதன்! கண்சாடையில் செம்பு வரும். விரல் சொடுக்கினால் வண்டி பூட்டப்படும். பண்ணை வீடுகளில் நூற்றாண்டுகளாக நிகழ்ந்த இதனை, குரலாலும் அசைவாலும் இயங்கும் ஏற்பாடு என்று கூறினால் மிகையாகாது. வேறுபாடு ஒன்றே. அங்கு இயங்கியது மனித உடல்.

தொல்காப்பிய அகத்திணையியல் இவ்விடத்தில் நினைக்கத்தக்க செய்தி ஒன்றைத் தருகிறது. அடியோரும் வினைவலரும் கைக்கிளை, பெருந்திணைகளுக்கு உரியோராக அங்கு வைக்கப்படுகின்றனர். நடுவண் ஐந்திணை ஒழுக்கம் அவர்க்கு உரியதாகக் கொள்ளப்படவில்லை. பிறர்க்குக் குற்றேவல் செய்வோர் அறமும் பொருளும் இன்பமும் வழுவாமல் ஒழுகுதல் அரிது என்பது இளம்பூரணர் காட்டும் காரணம். ஐந்திணை இல்லையெனின் மருதம் இல்லை. மருதம் இல்லையெனின் ஊடலும் இல்லை. விடை தர மறுத்தல், முகம் திருப்புதல், காத்திருக்கச் செய்தல் ஆகிய ஊடலின் கூறுகள் ஏவலாளுக்கு மறுக்கப்பட்டவை. அவன் ஊடினால் அது கீழ்ப்படியாமை எனப்படும்.

இண்டர்ஆக்டிவ் ஆர்ட் எனப்படுவதைத் தமிழில் 'ஊடாட்டக் கலை' என வழங்குவர். இதிலுள்ள 'ஊடு' இடை, நடு என்னும் பொருளது. புலவியைக் குறிக்கும் 'ஊடு' வேறு. இரண்டையும் ஒன்றாக்குவது சொல்லாராய்ச்சிக்குப் பொருந்தாது. ஆயினும் ஓசையால் நேர்ந்த இந்த அண்மை பயனுடையது. எதிரே இருப்பது ஊட வல்லதா என்று கேட்டால், ஊடாட்டம் என்று பெயர்பெற்றவற்றுள் எது வெறும் ஏவல், எது உறவு என்பது ஓரளவு தெளிவாகும்.

தொடாமையின் வரலாறு

தொடாமல் ஏவுதல் ஏதோ எதிர்கால விந்தைபோலப் பேசப்படுகிறது. இந்தியச் சமூகத்தில் அது பழைய ஒழுங்கு. யாரைத் தொடலாகாதோ அவரையே அதிகம் ஏவினர். தூரத்தில் நிறுத்தி, குரலுக்கு எட்டும் தொலைவில் வைத்து, வேலை வாங்கினர். தொடுதல் மட்டுமன்றி நிழல் படுதலும் தீட்டெனப்பட்டது. பேஷ்வாக்களின் ஆட்சிக் காலத்தில், இந்து ஒருவர் வரும்போது அவர்மேல் நிழல் விழாதிருக்கத் தீண்டப்படாதார் பொதுத் தெருவில் நடத்தல் தடுக்கப்பட்டமையை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் 1936இல் எடுத்துரைத்துள்ளார். அவர் குறிப்பிடும் மராட்டிய நிலத்திலேதான் விக்ரோலியும் உள்ளது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குச் சென்று குடியேறிய தமிழருள் கணிசமானோர் அத்தகைய தெருக்களை இங்கும் அறிந்தவர்கள். 1952இல் ஒரே வாக்குப்பெட்டிக்குள் எல்லாக் கைகளும் சீட்டு இட்டன என்பதன் எடை, இப்பின்னணி அறிந்தோர்க்கே முழுமையாகப் புலப்படும்.

இங்கு ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. கணினி மனிதன் அன்று. அதற்கு வலி இல்லை, மானம் இல்லை. அதனை ஏவுவதில் யாருக்குத் தீங்கு என்று கேட்கலாம். மேலும், கைகால் இயங்காத ஒருவருக்குக் குரலால் விளக்கெரியச் செய்யும் கருவி பெரும் விடுதலை. ஒவ்வொன்றுக்கும் இன்னொரு மனிதரை ஏவும் நிலையிலிருந்தே அது அவரை மீட்கிறது. இம்மறுப்பின் பின்பகுதி முற்றிலும் ஏற்கத்தக்கது. அத்தகையோர்க்கு வேண்டுவது தவறாமல் கீழ்ப்படியும் கருவிதான். அங்கு ஊடலைப் பேசுவது இரக்கமின்மை.

முன்பகுதியோ அத்தனை எளிதில் முடிவதன்று. தீங்கு ஏவப்படும் பொருளுக்கு நேராமல் ஏவுவோனின் பழக்கத்துக்கு நேரலாம். குரலுதவிக் கருவிகள் பெரிதும் பெண் குரலில், பணிவு மாறாது, இழிசொல்லுக்கும் இன்சொல் கூறுமாறு அமைக்கப்பட்டமையை யுனெஸ்கோ அமைப்பின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கண்டித்தது. பொறிக்கு இழிவில்லை, எந்தக் குரல் பணியவேண்டும் என்று வீட்டிலுள்ள சிறுவன் கற்றுக்கொள்கிறான் என்பதே கவலை. மொழி பழக்கத்தால் அமைவது. நாள்தோறும் ஏவல் வினையே பேசும் நாவுக்கு ஏனைய வினைகள் அரிதாகக்கூடும் என அஞ்சுதல் தவறாகாது.

வினாவாகும் அசைவு

இனிக் கலைஞர்கள் செய்ததை நோக்கலாம். அமெரிக்கரான மைரன் குரூகர், இத்துறையின் முன்னோடி. 1970களின் தொடக்கத்தில், தொலைவிலுள்ள இருவரின் நிகழ்படங்களை ஒரே திரையில் இணைக்கும் முயற்சியில் அவர் ஈடுபட்டிருந்தார். அப்போது எதிர்பாராத ஒன்றைக் கண்டார். தம் கையின் படிமம் மற்றவர் கையின் படிமத்தின்மீது படர்ந்தபோது, அவர் தம் கையைச் சட்டென விலக்கிக்கொண்டார். இரு உடல்களும் வெவ்வேறு கட்டடங்களில் இருந்தன. தொட்டவை வெறும் ஒளியுருக்கள். எனினும் தொடுதலின் நாணமும் எச்சரிக்கையும் அங்கு இருந்தன. இந்த அனுபவமே 'வீடியோபிளேஸ்' என்னும் அவர்தம் நீண்டகாலப் படைப்புக்கு வித்தாயிற்று. தொல்காப்பியர் வரிசையின் முதலறிவு பொறியின் பக்கம் இல்லாதபோதும் மனிதனின் பக்கம் அழியாமல் நின்றதை இது காட்டுகிறது. தன் படிமத்தையும் மனிதன் தன் மெய்யாகவே கொள்கிறான்.

கனடியக் கலைஞர் டேவிட் ரோக்பியின் 'வெரி நெர்வஸ் சிஸ்டம்' 1982 முதல் 1991 வரை வளர்ந்தது. வெற்றிடம் போன்ற ஓர் அறை. கேமரா உடலசைவைக் காண்கிறது. கணினி அவ்வசைவை இசையொலியாக்குகிறது. பார்வையாளர்களை நெடுங்காலம் கவனித்த ரோக்பி எழுதிய செய்தி ஒன்று இலக்கணம் பயில்வோர்க்கு விருந்து. உள்ளே வருபவர் தற்செயலாகக் கையசைக்க, ஒலி எழும். 'இது என்னாலா?' என்று ஐயுற்று, தயங்கி, மீண்டும் அசைப்பார். ஒலி எழும். உறுதி பெற்றபின், 'ஒலி!' என்று ஆணையிடுவதுபோல் அதே அசைவைச் செய்வார். இம்முறை ஒலி வேறாக இருக்கும். பொறி பிழைத்தது என்று அவர் கருதுவார். உண்மையில் வேறாகியது அவர் அசைவே. வினவும் கையும் ஏவும் கையும் ஒரே பாதையில் சென்றாலும் விசையால், முடுக்கத்தால், உடலின் இறுக்கத்தால் வேறுபட்டவை. அவ்வேறுபாட்டைப் பொறி கேட்டது. அசைத்தவர் தாமே கேட்கவில்லை.

நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். 'ஏவல்' இரு பட்டியலிலும் இடம்பெறுவது பலரும் வியப்பின்றிக் கடந்துசெல்லும் செய்தி. ஏவுதற்பொருட்டு வினவுவது ஏவல் வினா. 'இதைச் செய்வாயா?' என்றால் 'நீயே செய்' என்பது ஏவல் விடை. கேட்டவனையே திருப்பி ஏவும் விடை அது. ஏவலாள் ஒருவன் தன் வாழ்நாளில் ஒருமுறையும் கூற இயலாத விடையும் அதுவே. ரோக்பியின் அறை ஏறத்தாழ அவ்விடையைத்தான் தருகிறது. ஆணையிட வந்தவரை அது ஆட வைத்துவிடுகிறது. சிறிது நேரத்தில் யார் முதலில் அசைந்தார், உடலா ஒலியா, என்று பிரித்தறிய இயலாமற் போகும். எழுவாய் எது, பயனிலை எது என்று தடுமாறும் அந்நிலையைக் குறையெனக் கொள்வோர் பொறியியலார். கலைநோக்கில் அதுவே பேறு.

நிழலின் சுமை

மும்பைக் கலைஞர் ஷில்பா குப்தா, சர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் சிற்பம் பயின்று 1997இல் பட்டம் பெற்றவர். 2006, 2007ஆம் ஆண்டுகளில் 'ஷேடோ' என்னும் தலைப்பில் மூன்று படைப்புகள் செய்தார். அரங்கில் நுழைவோரின் உருவைக் கேமரா உள்வாங்க, எதிர்ச்சுவரில் கணினி அவர்தம் நிழலை வரைகிறது. முதலில் எவர்க்கும் விளையாடத் தோன்றும். கைவிரித்துப் பார்ப்பர், குனிந்து நிமிர்வர். மூன்றாம் படைப்பில், மேலிருந்து கயிறுபோல் ஒரு கோடு இறங்கி நிழலைப் பற்றுகிறது. அதன் வழியே பொருள்கள் ஒவ்வொன்றாகச் சறுக்கி வந்து நிழலோடு ஒட்டிக்கொள்கின்றன. உதறினாலும் உதிர்வதில்லை. நகர்ந்தால் உடன் நகர்கின்றன. அருகில் நிற்பவரின் நிழலும் அவ்வாறே சுமையேறுகிறது. அசைவை ஏற்றுக்கொண்டே ஆணையை மறுக்கும் ஏற்பாடு இது.

தோற்பாவைக் கூத்தை அறிந்த தமிழ் வாசகர் இதனை வேறுவிதமாகவும் நோக்குவர். திரைக்குப் பின்னிருந்து ஒருவரே எல்லாப் பாவைகளையும் கையால் ஆட்டி, எல்லாக் குரலும் பேசும் கலை அது. தென்மாவட்டங்களில் அதனை வழிவழியாக நிகழ்த்திவரும் மண்டிகர் வீட்டில் மராத்தி பேசுவோர். திரைமுன் ஒலிப்பது தமிழ். மராட்டியத்திலிருந்து தமிழகம் வந்த நிழற்கலைஞர்களும், தமிழகத்திலிருந்து மும்பை சென்ற உழைப்பாளர்களும் வரலாற்றில் ஒருவரையொருவர் அறியாமல் கடந்தவர்கள். கூத்தில் கயிறும் கோலும் ஆட்டுவோன் கையில். குப்தாவின் திரையிலோ பார்வையாளனே பாவை. கயிறு யார் கையில் என்பது தெரிவதில்லை.

குப்தாவின் படைப்பு சாதியைப் பற்றியது என்று கூறுதல் பொருந்தாது. நுகர்வு, போர், அச்சம் எனப் பல திசைகளில் அதனை வாசிக்க இடமுண்டு. ஆயினும் நிழல் தீட்டெனப்பட்ட நிலத்தில், முன்பின் அறியாதோரின் நிழல்கள் ஒரே சுவரில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஒரே குப்பையைச் சுமக்கும் காட்சியை வரலாறு நீக்கிக் காணுதல் அரிது. நன்னூல் வகைப்பாட்டில் இதனை 'உறுவது கூறல்' எனலாம். 'ஆடுவாயா?' என்றவனுக்குக் 'கால் வலிக்கும்' என்று கூறுவது போன்றது. பார்வையாளன் 'என் நிழல் நான் சொன்னபடி ஆடுமா?' என்று கேட்கிறான். ஆம் என்றோ இல்லை என்றோ கூறாமல், ஆடினால் நேர்வது இன்னது என்று சுவர் காட்டிவிடுகிறது.

குரலும் தமிழும்

அசைவைக் குறித்துக் கூறியது குரலுக்கும் பொருந்துமாயினும், குரலுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அசைவுக்கு இலக்கண வழு இல்லை, பேச்சுக்கு உண்டு. 2003இல் கோலன் லெவின், சக்கரி லீபர்மன் ஆகியோர் உருவாக்கிய 'மெஸ்ஸா டி வோச்சே' என்னும் நிகழ்த்துகலையில், பாடகர் இருவர் எழுப்பும் ஒலிகள் திரையில் குமிழ்களாகவும் கோடுகளாகவும் வடிவுகொண்டன. அங்குப் பொறி சொல்லைத் தேடவில்லை. ஒலியின் உரப்பையும் சுருதியையும் நீட்டத்தையும் கொண்டது. ஒரு குலவை, ஓர் ஒப்பாரியின் இழுவை, தாலாட்டின் பொருளற்ற அசைகள் ஆகியவை அத்தகைய பொறிமுன் முழுமதிப்புப் பெறும். சொல்லறி கருவியோ அவற்றை இரைச்சல் என ஒதுக்கும்.

அக்கருவிகள் எந்தத் தமிழைக் கேட்கப் பயிற்றப்படுகின்றன என்பது தமிழ்த்துறைகள் தலையிட வேண்டிய இடம். மொசில்லா நிறுவனம் 2017இல் தொடங்கிய 'காமன் வாய்ஸ்' தொகுப்பில் தமிழும் உண்டு. தன்னார்வலர் திரையில் தோன்றும் தொடரைப் படித்துப் பதிவுசெய்யும் முறை அத்தொகுப்பின் அடிப்படையாக அமைந்தது. நடுவணரசு 2022இல் தொடங்கிய 'பாஷினி' திட்டமும், சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏ.ஐ.4பாரத்' குழுவும் இந்திய மொழிகளின் பேச்சைத் திரட்டி வந்துள்ளன. இம்முயற்சிகள் பாராட்டத்தக்கன. ஆனால் படிக்கும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. தாராவியிலும் செம்பூரிலும் விக்ரோலியிலும் பேசப்படும் தமிழில் நெல்லை வழக்கும் மராத்தியும் மும்பை இந்தியும் ஒரே தொடருக்குள் கலந்து நிற்கும். அத்தமிழைக் கேளாத கருவி, பேசுவோரைத் திருத்திப் பேசச் சொல்கிறது. மூன்றாம் முறை தோற்றபின் அவர் தம் நாவையே மாற்றிக்கொள்கிறார். யார் யாரை ஏவுகின்றனர் என்னும் வினா இங்குத் தலைகீழாகிறது. ஏவ வந்தவர் கருவியின் உச்சரிப்புக்குக் கீழ்ப்படிந்து நிற்கும் இந்நிலையைக் கலைஞர் எவரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. பொருளியல் கணக்கு அமைத்தது.

கருவிகளுக்கென எழுதப்படும் தொடர்களில் விளக்கைப் போடு, பாட்டை நிறுத்து, கதவைத் திற என்பன போன்ற ஏவல்களுக்கே முதலிடம் கிடைப்பது இயல்பு. வினாத் தொடர், ஐயத் தொடர், இடைநின்ற பேச்சு, கோபித்துக்கொண்ட மௌனம் ஆகியவற்றைத் திரட்டுவதால் வணிகப் பயன் உடனே கிட்டாது. கிட்டாதெனினும் மொழியின் பெரும்பகுதி அவற்றிலேதான் உள்ளது. வட்டார வழக்குகளைக் களத்தில் ஒலிப்பதிவு செய்து பழகிய ஆய்வாளர்கள் தமிழ்த்துறைகளில் இன்றும் உளர். மும்பைத் தமிழரிடையே அத்தகைய பதிவு ஒன்று மேற்கொள்ளப்பெறுமாயின், ஏவல் தொடர்களுக்கு முன்பே திரட்ட வேண்டியவை, 'நா சொன்னது கேட்டுச்சா?' என்பது போன்ற தொடர்களும், அதற்கு வரும் எட்டு வகை விடைகளுமாகும்.